நிலக்கரிக் கொட்டிலில் ஓர் இருட்டறை

நான் இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்கிறேன். பிறந்தது மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில். கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவச் சென்ற வருடம் பழகத் தொடங்கினேன். எனக்கு முன்னால் இதை வீட்டில் பழகிய ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஜூலியா மார்கரெட் கமரூன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். இலங்கைச் சரித்திரம் படித்தவர்களுக்குக் கோல்புறூக் - கமரூன் ஆணைக்குழு நினைவிருக்கும். அந்தக் கமரூன்தான் இவருடைய கணவர். 1863 டிசம்பரில், இவருக்கு 48 வயதானபோது, மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். வைட் தீவில் இருந்த வீட்டின் நிலக்கரிக் கொட்டில் இருட்டறை ஆனது. கோழிக்கூடு, கண்ணாடி போட்ட படப்பிடிப்பு அறை ஆனது.

அன்று பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் திரவத்தை ஊற்றிப் பரப்பி, சில்வர் நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து உடனே கழுவ வேண்டும். சில்வர் நைட்ரேட் பட்ட விரல் கறுத்துவிடும். தாதிகளுக்கு இது தெரியும். புண்ணில் மிதமிஞ்சி வளரும் சதையைச் சுட, அதே மருந்தைக் குச்சி முனையில் வைத்துத் தொடுவோம்.

கமரூனின் முதல் படம் பிழைக்கவில்லை. ஈரத் தகட்டில் கையைத் தேய்த்து அழித்துவிட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்த படத்தைத்தான் தன் முதல் வெற்றி என்றார்.

என் முதல் சுருளும் பிழைக்கவில்லை. முழு இருட்டில் பிலிமைச் சுற்றி ஒளி புகாத தொட்டிக்குள் மூடிவிட்டால், மீதி வேலையை வெளிச்சத்திலேயே செய்யலாம். என்னுடையது எச்பி5 பிளஸ் பிலிம். ஐடி-11 டெவலப்பரில், தண்ணீர் கலக்காமல், 20 பாகை செல்சியஸில் ஏழரை நிமிடம். நிமிடத்துக்கொரு தடவை பத்து விநாடி தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அடுத்து ஸ்டாப் பாத், பிறகு ஃபிக்ஸர், கடைசியில் தண்ணீர். ஒளிபட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் கறுப்பு வெள்ளியாக்கும். மிஞ்சிய உப்பை ஃபிக்ஸர் கரைக்கும். ஹைப்போ அப்படிக் கரைக்கும் என்று 1819இல் கண்டறிந்தவர் ஜோன் ஹெர்ஷல். கமரூனின் நெடுநாள் நண்பர்.

நான் போத்தலை மாற்றி, ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டேன். மருந்து கொடுக்குமுன் லேபிளை மூன்று தரம் பார் என்று டிப்ளோமாவில் படித்தவள்! பிலிம் வெறும் கண்ணாடிபோல வெளியே வந்தது. அதில் இருந்தது, லயத்து வாசலில் நின்ற என் அம்மா.

1875இல் கமரூன் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர் எடுத்தவற்றில் சில படங்களே எஞ்சியுள்ளன. தோட்டத் தொழிலாளர்களும் கிராமத்தவர்களும் அவற்றில் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை. ஒரு படம், களுத்துறைக் குடியானவர்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. இங்கிலாந்தில் அவர் மாதாவாக நிறுத்திப் படமெடுத்த வேலைக்காரப் பெண்ணின் பெயர் மேரி ஹிலியர் என்று நமக்குத் தெரியும். அந்த முகங்களை விட்டுப்போனதற்கு நன்றி சொல்கிறேன். பெயர் விட்டுப்போனதை என்னால் இலகுவில் கடக்க முடியவில்லை.

1879இல் அவர் இலங்கையில் காலமானார். பொகவந்தலாவை சென் மேரிஸ் ஆலய வளவில் கணவரோடு அடக்கமாகியிருக்கிறார். அதே மலைகளில்தான் என் அம்மாயி கொழுந்து பறித்தார். அம்மாயிக்கு ஒரு படம்கூட இல்லை. 1948இல் பறிபோன பிரஜாவுரிமை திரும்புமுன்னே இறந்ததால், அடையாள அட்டைக்கென்று எடுத்த படமும் இல்லை.

பிலிம் பாழானதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது சிரித்தார். “அதுக்கென்னம்மா, இன்னொருக்கா வா, நின்னுக்கிறேன்” என்றார். அம்மாவுக்கு 74 வயது. அவ்வளவு லேசாக என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போது என் போத்தல்களில் 1, 2, 3 என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு நெகட்டிவ் உறையிலும் ஆளின் பெயர், தோட்டம், தேதி எழுதுகிறேன். ஏப்ரலில் ஊருக்குப் போகிறேன். அம்மாவின் பெயரை எழுதிய உறை ஒன்று காலியாகக் காத்திருக்கிறது.