முன்வரிசையில் மூவர்

1981-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த 'விசார்ட்ரி' விளையாட்டில் ஆறு பேர் ஒரே குழுவாகப் பாதாளத்தில் இறங்குவார்கள். முதல் மூவர் மட்டுமே வாள் வீசலாம். எதிரியின் வாளும் அவர்களைத்தான் எட்டும். பின்னால் நிற்கும் மந்திரவாதி ஒரே குத்தில் சாகக்கூடியவன். ஆனால் அவன் 'கட்டினோ' என்ற சொல்லை விட்டால் எதிரிக் கூட்டம் ஒன்று அப்படியே தூங்கிப்போகும். அந்தச் சொல்லை ஆட்டக்காரர் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டும். தாங்குபவன் முன்னே, தாக்குபவன் பின்னே என்ற இந்த வியூகம் கணினியில் பிறந்ததல்ல, மேசையிலிருந்து இறங்கி வந்தது என்பதே என் வாதம்.

அன்றைய கணினியின் வறுமைதான் வீரர்களை இரண்டு வரிசையாகச் சுருக்கியது என்று மறுக்கலாம். திரையில் அவர்கள் வெறும் பெயர்களாகவும் எண்களாகவும் நின்றதற்கு அது காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1974-ல் கைகாக்சும் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' காகிதத்திலும் பகடையிலும் நடந்த ஆட்டம். அதில் நினைவகத் தட்டுப்பாடு ஏது? அங்கேயே கவசக்காரன் வழியை அடைத்து நின்றான், மெலிந்த மந்திரவாதி அவன் முதுகுக்குப் பின் ஒதுங்கினான். குறுகிய நடைவழியில் வேறெப்படி நிற்பது! 1987-ல் ஜப்பானின் 'ஃபைனல் ஃபேன்டஸி' பக்கவாட்டுக் காட்சிக்கு மாறியது. நடைவழியே கண்ணில் இல்லை. அப்போதும் வரிசையில் முதலில் நின்றவனுக்கே அதிக அடி விழுந்தது.