அப்பா கையெழுத்து தேவையில்லை

1990களில் கல்வியாண்டு தொடங்கும் வாரங்களில் அமெரிக்காவின் பல கல்லூரிகளில் ஒரு மடக்கு மேசை போட்டிருப்பார்கள். அதன்மேல் டி-ஷர்ட், ஃபிரிஸ்பீ தட்டு, சில நாள் பீட்சாவும் இருக்கும். பக்கத்தில் கிளிப் அட்டையில் செருகிய விண்ணப்பம். பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் எழுதிக் கையெழுத்துப் போட்டால் டி-ஷர்ட் உடனே கைக்கு வரும்; கிரெடிட் கார்டு பின்னால் தபாலில் வரும். மேசையில் இருப்பவர் பல இடங்களில் வங்கி ஊழியர்கூட இல்லை. விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கித் தங்கள் மாணவர் சங்கத்துக்கு நிதி திரட்டிய சக மாணவர்தான். வட்டி எவ்வளவு என்று கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆளைத் தேடிப்போய்க் கார்டைத் திணிப்பது இந்த வியாபாரத்தின் பழைய பழக்கம். 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு அவர்கள் கேட்காமலேயே கார்டை அனுப்பியது. பேங்க்அமெரிகார்டு என்ற அந்தக் கார்டுதான் பிற்பாடு விசா ஆனது. நூற்றுக்கு 4 கணக்குகளில் பாக்கி விழலாம் என்று வங்கி எதிர்பார்த்தது, விழுந்தது 22. ஆனாலும் மற்ற வங்கிகள் இதே வழியில் இறங்கின. கேட்காதவருக்குக் கார்டு அனுப்பக் கூடாது என்று 1970ல் சட்டம் வந்தது.

மாணவர்கள் அப்போது இந்தக் கணக்கிலேயே இல்லை. கார்டு வேண்டுமென்றால் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதை மாற்றியவை இரண்டு. 1971ல் வாக்களிக்கும் வயது 18 ஆனதை ஒட்டி, பெரும்பாலான மாநிலங்கள் ஒப்பந்தம் செய்யும் வயதையும் 18க்கு இறக்கின. 1978ல் மார்க்கெட் (Marquette) என்ற வங்கி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு வங்கி தன் மாநிலத்தில் அனுமதித்த வட்டியையே வெளிமாநில வாடிக்கையாளரிடமும் வாங்கலாம் என்றது. வட்டிக்கு உச்சவரம்பை நீக்கிய தெற்கு டகோட்டாவுக்கு சிட்டிபேங்க் தன் கார்டுப் பிரிவையே மாற்றிக்கொண்டு போனது. அதிக வட்டி வாங்க முடியுமென்றால் வருமானமே இல்லாத மாணவரும் நல்ல வாடிக்கையாளர்தான். 1980களின் பிற்பகுதியில் பெற்றோர் கையெழுத்து மெல்ல உதிர்ந்தது. இதைத் தாராள மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளை கடனில் சிக்கினால் பெற்றோர் எப்படியும் வந்து கட்டுவார்கள் என்பது வங்கிகளுக்குத் தெரியும். கையெழுத்து வாங்காமலே ஜாமீன்!

கல்லூரிகளும் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. கல்லூரிப் பெயரையும் முத்திரையையும் கார்டில் அச்சிட அனுமதித்து, பழைய மாணவர் சங்கங்களும் நிர்வாகங்களும் வங்கிகளிடம் பணம் பெற்றன. 2009ல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் வழியாக 8 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. அதே ஆண்டு மாணவர் கடன் நிறுவனமான சாலி மே வெளியிட்ட ஆய்வில், இளநிலை மாணவர்களில் 84 சதவீதம் பேரிடம் கார்டு இருந்தது. சராசரி பாக்கி 3,173 டாலர். ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி என்று வைத்தாலும் மாதம் 47 டாலருக்கு மேல் வட்டிக்கே போகும்.

2009 மே 22 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் மேசையை மடக்க வைத்தது. 21 வயது ஆகாதவர் சொந்த வருமானம் காட்ட வேண்டும். இல்லையேல் 21 நிரம்பிய ஒருவர் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் விண்ணப்பத்துக்காக டி-ஷர்ட் நீட்டக் கூடாது. கல்லூரியோடு போட்ட ஒப்பந்தங்களை ஒளிக்காமல் வெளியிட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் மாணவருக்கு நின்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கும் வேலை வந்தது. பகுதிநேர வேலையின் சம்பளத்தைக் காட்டிச் சிறிய வரம்புள்ள மாணவர் கார்டு வாங்கலாம். அம்மாவின் கார்டில் துணைப் பயனாளராகச் சேரலாம். முன்பணம் கட்டி, பெரும்பாலும் அதே அளவு வரம்புள்ள கார்டு வாங்கலாம். சென்னையிலிருந்து முதுகலை படிக்கப் போகிறவர் 21ஐத் தாண்டியிருப்பார், ஆனால் அங்கே அவருக்குக் கடன் வரலாறு கிடையாது. ஊரில் அப்பா எவ்வளவு நாணயமாகக் கடன் கட்டியிருந்தாலும் அது கணக்கில் வராது. பலருக்கு முன்பணம் கட்டும் அந்தக் கடைசி வழியே முதல் வழியாகிறது.

வங்கிகள் கல்லூரியை விட்டுப் போய்விடவில்லை. கார்டு ஒப்பந்தங்கள் 2012க்குள் 617 ஆகக் குறைந்தபோது, அவர்கள் டெபிட் கார்டுக்கும் மாணவர் அடையாள அட்டையோடு இணைந்த கணக்குகளுக்கும் நகர்ந்திருந்தார்கள். அந்த ஏற்பாடுகளுக்குக் கல்வித் துறை விதி கொண்டுவர 2015 ஆயிற்று.