மணலுக்கும் கல்லுக்கும் எல்லை வகுத்தவர்கள்

மலையகத்தில் மண்சரிவு ஏற்படும் காலங்களில் பிரதேச நிருபர்கள் அனுப்பும் செய்திகளில், வீதியில் விழுந்து கிடக்கும் ஒரே பொருளை ஒருவர் 'கற்பாறை' என்பார்; மற்றவர் 'பாறாங்கல்' என்பார்; மூன்றாமவர் 'பாரிய கல்' என்று எழுதுவார். செய்தி மேசையில் இருந்த நாட்களில் இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது என் வேலையாக இருந்தது. பத்திரிகைக்கு இது பெரிய விடயமல்ல. ஆனால், பூமியின் கடந்த காலத்தைக் கற்களிலிருந்து வாசிக்க முயன்ற புவிச்சரிதவியலாளருக்கு இந்தக் குழப்பம் ஒரு தலைவலியாகவே இருந்து வந்தது. ஒருவர் சரளை என்று குறித்ததை இன்னொருவர் பருமணல் என்று குறித்தால், இருவரும் கண்டது ஒன்றுதானா என்று மூன்றாமவர் எப்படி அறிவது?

இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டும் முயற்சி கல்லில் இருந்து தொடங்கவில்லை, காற்றில் இருந்து தொடங்கியது என்பதே இந்த வரலாற்றில் என்னைக் கவர்ந்த செய்தி.

யொஹான் ஓகஸ்ட் உடென் 1859 இல் சுவீடனில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். கன்சாஸ் மாநிலத்தில் லிண்ட்ஸ்போர்க் என்னும் சிற்றூரில் சுவீடிய குடியேறிகள் அமைத்த கல்லூரியில் 1881 இல் ஆசிரியரானார். பின்னர் மிசிசிப்பி ஆற்றங்கரையில், 'பாறைத் தீவு' என்று பொருள்படும் ரொக் ஐலண்ட் நகரில் உள்ள ஓகஸ்டானா கல்லூரிக்குச் சென்றார். புவிச்சரிதவியலாளர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி வாய்க்காது. புழுதிப் புயல்கள் அமெரிக்கப் புல்வெளிகளில் வழக்கமானவை. காற்று எந்தப் பருமனுள்ள துகளை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்ற வினாவை உடென் எடுத்துக்கொண்டார். அதற்கு விடை காண வேண்டுமானால் முதலில் துகள்களைப் பருமன்வாரியாகப் பிரிக்க வேண்டும். 1898 இல் அக்கல்லூரியின் நூலக வெளியீட்டு வரிசையில் முதலாவது இலக்கமாக வந்த அவருடைய ஆய்வில் அந்தப் பிரிப்பு முறை இடம்பெற்றது.

முறை மிக எளியது. ஒரு மில்லிமீற்றரை நடுவில் வைத்தார். மேலே போகப் போக ஒவ்வோர் எல்லையும் முந்தியதன் இரு மடங்கு: 2, 4, 8, 16. கீழே போகப் போகப் பாதி: அரை, கால், அரைக்கால். சம இடைவெளி கொண்ட சாதாரண அளவுகோல் இங்கு ஏன் உதவாது என்பதைச் சற்று யோசித்தால் விளங்கும். அரை மில்லிமீற்றர் மணலுக்கும் ஒன்றரை மில்லிமீற்றர் மணலுக்கும் இடையில் வேறுபாடு ஒரு மில்லிமீற்றர்தான்; ஆனால் முன்னதைத் துள்ள வைக்கும் காற்று, பின்னதை உருட்டவும் சிரமப்படும். 300 மில்லிமீற்றர் கல்லுக்கும் 301 மில்லிமீற்றர் கல்லுக்கும் இடையில் உள்ளதும் அதே ஒரு மில்லிமீற்றர். அதை எந்த ஆறும் கவனிப்பதில்லை. காற்றும் நீரும் வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, விகிதத்தையே பார்க்கின்றன.

1914 இல் உடென் தமது முறையை விரித்து எழுதினார். பின்னர் டெக்சாஸ் மாநிலப் புவிச்சரிதவியல் பணியகத்தின் தலைவராகி 1932 இல் மறைந்தார். எனினும், அவருடைய எண்களுக்கு இன்று நாம் அறிந்த பெயர்களை நிலைநிறுத்தியவர் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செஸ்டர் வென்ட்வேர்த். அவர் 1922 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 256 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது பாறாங்கல். 64 முதல் 256 வரை உருள்கல். 4 முதல் 64 வரை கூழாங்கல். 2 முதல் 4 வரை குறுணிக்கல். இரண்டு மில்லிமீற்றரில் தொடங்கி மில்லிமீற்றரின் பதினாறில் ஒரு பங்கு வரை மணல். அதற்குக் கீழே 256 இல் ஒரு பங்கு வரை வண்டல். அதனினும் நுண்ணியது களி. தமிழ்ப் பெயர்கள் என் வசதிக்காக நான் இட்டவை. நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அயிர் என்றால் நுண்மணல், பரல் என்றால் ஆற்றங்கரைக் கல்லும் ஆகும், சிலம்புக்குள் இடும் மணியும் ஆகும். நம்மிடம் இல்லாதிருந்தது எண் மட்டுமே.

1934 இல் சிக்காகோவின் வில்லியம் குரும்பைன் இந்த எல்லைகளை மடக்கைக் கணிதத்தால் முழு எண்களாக மாற்றினார். அதில் கல் பெருக்கப் பெருக்க எண் குறையும்; பாறாங்கல்லுக்கு மறை எண். கலைப் பட்டதாரியான எனக்கு இது வியப்பளித்தாலும், ஆய்வாளரின் பெரும்பாலான பொருள் நுண்மணலும் வண்டலுமே என்பதால் அவற்றுக்கு நேர் எண் கிடைப்பது அவர்களுக்கு வசதி.

இவ்வளவு செய்தும் உலகம் ஒரே கோட்டில் நிற்கவில்லை. சுவீடனின் கல்மார் நகரில் இரசாயனவியலாளராக இருந்த அல்பேர்ட் அற்றர்பேர்க், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவசாய மண்ணுக்கென வேறொரு பிரிப்பை வகுத்தார். அவருடைய எல்லைகள் 2, 0.2, 0.02, 0.002 மில்லிமீற்றர். மண் அறிவியலாளர் அதனைச் சர்வதேச முறையாக ஏற்றுக்கொண்டனர். விளைவு என்ன? 0.003 மில்லிமீற்றர் துகளொன்று புவிச்சரிதவியலாளருக்குக் களி. மண் அறிவியலாளருக்கு வண்டல். 0.03 மில்லிமீற்றர் துகள் முன்னவருக்கு வண்டல்; அற்றர்பேர்க் முறையில் அது நுண்மணல். ஒரு நிலத்தில் களி எத்தனை வீதம் என்று அறிக்கையொன்று கூறினால், எவருடைய களி என்று கேட்காமல் அதனை நம்பக்கூடாது. கட்டடப் பொறியியலாளரோ வண்டலையும் களியையும் பருமனைக் கொண்டு பிரிப்பதையே கைவிட்டு, ஈரத்தில் பிசைந்தால் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் கொண்டு பிரிக்கின்றனர். அந்தச் சோதனைக்கு வழிகாட்டியவரும் இதே அற்றர்பேர்க்தான்.

பெயருக்கான இந்தப் பிணக்கு வெறும் ஏட்டுச் சண்டை என்று கருதுவோருக்கு 2012 ஆம் ஆண்டை நினைவூட்டலாம். அவ்வாண்டு ஓகஸ்டில் செவ்வாய்க் கிரகத்தின் கேல் பள்ளத்தில் இறங்கிய 'கியூரியோசிட்டி' ஊர்தி, சில வாரங்களிலேயே கொங்கிறீற் போல ஒட்டி இறுகிய, உருண்ட கற்கள் நிறைந்த பாறைகளைப் படம் பிடித்தது. செவ்வாயில் இன்று நீரோட்டம் இல்லை. காற்று மட்டும் உண்டு. ஆகவே அவற்றை அங்கு கொண்டுவந்தது காற்றா, நீரா என்பதே வினா. விஞ்ஞானிகள் படங்களிலிருந்து கற்களை ஒவ்வொன்றாக அளந்தனர். 2 முதல் 40 மில்லிமீற்றர் வரை, அதாவது வென்ட்வேர்த்தின் குறுணிக்கல்லும் கூழாங்கல்லும். அந்தப் பருமனைக் காற்றால் அசைத்து உருட்டிக்கொண்டு வர முடியாது. 2013 இல் வெளியான ஆய்வு, அங்கு ஒரு காலத்தில் 3 சென்ரிமீற்றர் முதல் 90 சென்ரிமீற்றர் வரை ஆழமுள்ள ஓடை, செக்கனுக்கு 20 முதல் 75 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடியது என்று கணித்தது.