விக்ரம் லேண்டரின் முழு அளவு மாதிரி: விழுப்புரம், திண்டிவனம் பட்டறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன். அவர் குழுவின் விக்ரம் லேண்டர் 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு நிலவில் இறங்கியது. அதை அதே அளவில், ஒரு வெல்டிங் மெஷினும் கட்டரும் உள்ள வீட்டுப் பட்டறையில் செய்ய முடியுமா? முடியும். எந்தப் பகுதியில் கறாராக இருப்பது என்பதே ஆய்வுக்குரியது. கால்களில் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. முன்னோடிகள்

இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா (1975) உருவானதே பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில்தான். அமெரிக்காவில் 2019இல் ஆடம் சாவேஜ் தலைமையில் பல கைவினைஞர்கள் ஆளுக்கொரு பாகம் செய்து, அப்பல்லோ-11 கலத்தின் கதவை முழு அளவில் கோத்தனர். இந்தப் பங்கீட்டு முறை நமக்கும் பொருந்தும்: சட்டகம் விழுப்புரத்தில், லேத் வேலை திண்டிவனத்தில்.

3. உடலும் போர்வையும்

இஸ்ரோ தரும் அளவு 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.166 மீட்டர் உயரம். சட்டகத்துக்கு ஒரு அங்குல ஸ்கொயர் பைப் போதும். அசல் சுவர்கள் இரு தகடுகளுக்கிடையே தேன்கூட்டு அடுக்கு கொண்டவை. கடைப் பலகைக்கு அடிக்கும் ஏ.சி.பி. ஷீட்டும் ஏறக்குறைய அதே தத்துவம்தான். பொன்னிறப் போர்வை தங்கமல்ல, வெப்பக்காப்புப் படலம். ஜிகினாத் தாளை ஒட்டினால் தேர் அலங்காரமாகிவிடும்.

இரண்டு பிழைகள் எளிதில் நேரும். சந்திரயான்-2இல் ஐந்து எஞ்சின்கள். சந்திரயான்-3இல் நடு எஞ்சினை நீக்கி நான்காக்கினர். ஐந்தாவது வாயை வைத்தால் அது வேறு கலம். சோலார் தகடுகளைக் கூரையில் கிடத்துவது மற்றொன்று. இறங்கிய இடம் ஏறத்தாழ 69 பாகை தென் அட்சம். அங்கே சூரியன் வானில் தாழ்வாகவே நகரும். ஆகவே அவை பக்கச் சுவர்களில் செங்குத்தாக நிற்க வேண்டும்.

4. கால்கள்

நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்குமாறு சந்திரயான்-3இன் கால்கள் வலுப்படுத்தப்பட்டன. பூமியில் அந்த வேகம் கிடைக்க ஒரு பொருளைச் சுமார் 46 செ.மீ. உயரத்திலிருந்து விட்டாலே போதும். செயின் பிளாக்கில் தூக்கிவிட்டால் நம் பட்டறையிலும் இதைச் சோதிக்கலாம். எரிபொருள் நிரப்பிய லேண்டரின் ஏவுதள எடை ஏறத்தாழ 1,750 கிலோ. மாதிரி அதில் சிறு பங்குதான் இருக்கும் என்பதால் கால்களின் அசல் வலுவை இது காட்டாது. ஆனால் எந்த மூட்டு வளைகிறது, எந்த வெல்டு விடுகிறது என்பது தெரியும். காட்சிக்கு மட்டும் நிற்கும் மாதிரிகள் இதைச் சொல்வதில்லை.

5. நிலம்

இஸ்ரோ தன் சோதனைகளுக்கு நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரப் பாறையைப் பொடித்து நிலவு மண்ணாகப் பயன்படுத்தியது. நம் மாதிரியின் கீழே பரப்ப அவ்வளவு தூரம் போக வேண்டாம். திண்டிவனம் பக்கத்துக் கிரஷரில் வாங்கும் எம்-சாண்டே போதும்.