பாடு யாருக்கு?

பழவேற்காட்டு ஏரியில் இறாலுக்குப் 'பாடு' உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பது முறைவைத்து வரும். ஆரம்பாக்கம் பக்கத்து ஏரிக்கரையில் நின்று பேசினால் இந்தச் சொல் காதில் விழாமல் போகாது. எடுக்கப்படாமல் போன இரண்டு படங்களை ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குக் கிடைத்த அளவுகோலும் அதுதான்: ஒன்று 'ஹேலோ' வீடியோ கேம் படம், மற்றது கமல்ஹாசனின் 'மருதநாயகம்'.

2001-இல் வந்த 'ஹேலோ' மைக்ரோசாஃப்ட்டின் சொத்து. 2005-இல் அலெக்ஸ் கார்லண்டைத் திரைக்கதை எழுதவைத்து, நாயகன் மாஸ்டர் சீஃபின் கவசத்தை மாட்டிய ஆட்களிடம் கொடுத்து ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அனுப்பினார்கள். நம்மூர்க் கூத்தில் கட்டியக்காரன் வருவதுபோல! ஒரு கோடி டாலர் முன்பணமும் வசூலில் 15 சதவீதமும் கேட்டு, 50 லட்சத்துக்கும் 10 சதவீதத்துக்கும் படிந்தார்கள். யுனிவர்சலும் ஃபாக்ஸும் சேர்ந்து செலவை ஏற்றன. பீட்டர் ஜாக்சன் தயாரிப்பைக் கவனிக்க, நீல் ப்ளோம்காம்ப் இயக்குவதாக ஏற்பாடு. நியூசிலாந்தின் வேட்டா பட்டறையில் துப்பாக்கிகளும், நிஜமாகவே ஓடும் ஒரு வண்டியும்கூடத் தயாராகிவிட்டன. 2006 அக்டோபரில் ஸ்டுடியோக்கள் கையை விரித்தன. ஒரே பாட்டில் இத்தனை பேர் பங்கு கேட்டால் வலையை யார் இறக்குவது?

'மருதநாயகம்' இதற்கு நேர் எதிர். 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட மருதநாயகம் என்னும் கான்சாகிபு யூசுப்கானின் கதைக்கு உரிமைத்தொகை கேட்க யாருமில்லை. நடிப்பு, இயக்கம், தயாரிப்பு எல்லாம் ஒரே ஆளின் தோளில். 1997 அக்டோபர் 16 அன்று சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் எலிசபெத் ராணியே தொடக்க விழாவுக்கு வந்தார். கான்சாகிபை வீழ்த்த ஆற்காட்டு நவாபோடு கைகோத்த கிழக்கிந்தியக் கம்பெனியின் நாட்டு ராணி! அந்த விழாவைவிடப் பெரிய காட்சி படத்தில் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. நம்பியிருந்த வெளிநாட்டுப் பணம் வராமல் போனதும் படம் நின்றது.

நின்றபின் நடந்தவை ஒத்துப்போகின்றன. கமல் 'ஹே ராம்' எடுத்தார், 2000-இல் வந்தது. ஜாக்சனும் ப்ளோம்காம்பும் சுமார் 3 கோடி டாலரில் 'டிஸ்ட்ரிக்ட் 9' எடுத்து, 2009-இல் வெளியிட்டு, நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றார்கள்.

இழப்பில்தான் வேறுபாடு. ஹேலோ ஆடியவனுக்குப் படம் வராததால் பெரிய நட்டமில்லை. அந்தக் கதைக்குள் அவனே ஓடி, சுட்டு, செத்து, மறுபடி எழுந்திருக்கிறான். மாஸ்டர் சீஃபின் முகத்தைக் கேம் மறைத்தே வைத்தது. தலைக்கவசத்துக்குள் ஆடுபவன் தன் முகத்தை வைத்துக்கொள்ளலாம். 2022-இல் தொலைக்காட்சித் தொடராக வந்து மாஸ்டர் சீஃப் தலைக்கவசத்தைக் கழற்றியபோது பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தது அதனால்தான்.

கான்சாகிபுக்கோ நம் மனதில் கமலின் முகம் ஒன்றுதான். எடுத்த சில நிமிடக் காட்சிகள் அதைப் பதித்துவிட்டன. யாரும் எடுக்கலாம், தடுக்க ஒரு நிறுவனம் கிடையாது. இருந்தும் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழில் வேறொருவர் அங்கே வலை கட்டவில்லை. அது கமலின் பாடு என்று எல்லாரும் பேசாமலே ஒதுங்கிக்கொண்டது போலிருக்கிறது.