கப்பல் வரும், கரைக்கு வராது

டெண்டர்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? ரோடு போடுற காண்ட்ராக்ட், யாருக்கு எத்தனை பர்சென்ட், அம்புட்டுதான். கப்பல்காரங்க பாஷையில டெண்டர்னா வேற. பெரிய கப்பல் கரையில ஒட்ட முடியாத ஊர்ல, நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும். ஆளுங்களைச் சின்னப் படகுல ஏத்திக் கரைக்குக் கொண்டு வருவாங்க. அந்தப் படகுக்குப் பேருதான் டெண்டர்.

கரீபியன் பக்கம் சொகுசுக் கப்பல்ல போறவங்க முதல்ல கேக்கிற கேள்வியே, "இந்த ஊர்ல கப்பல் ஜெட்டியில நிக்குமா, இல்லை டெண்டரா?" என்பதுதான். வீல்சேர்ல வர்றவங்களுக்கும் கைக்குழந்தையோட வர்றவங்களுக்கும் இது பெரிய விஷயம். பஹாமாஸின் நசாவுலயும் மெக்சிகோவின் கொசுமெலிலும் கப்பல் ஜெட்டியிலேயே நிக்கும். பெலீஸ் நகரத்தில் கடல் ஆழமில்லாததால் டெண்டர். ஆனா கேமன் தீவுகளின் தலைநகர் ஜார்ஜ் டவுன் கதை தனி. அங்கே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நாடே ஓட்டுப் போட்டது.

கேமன் தீவுகள்னா நம்மாளுங்களுக்கு வரி கட்டாம பணம் பதுக்குற இடம்னுதான் தெரியும். மூணு குட்டித் தீவு, பிரிட்டன் ஆளுகை. 1503-ல் கொலம்பஸ் இந்தப் பக்கம் வந்தப்போ கடல் முழுக்க ஆமைகளைப் பார்த்துட்டு 'ஆமைத் தீவுகள்'னு பேர் வெச்சார். பின்னாடி முதலைக்கான சொல்லே பேராகி நிலைச்சுது. ஆத்துக்கு வழியில்லாத சுண்ணாம்புப் பாறைத் தீவு. விவசாயம் பெரிசா இல்லை. ஆமை பிடிக்கிறது, படகு கட்டுறது, பிற்காலத்தில் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்ல வேலைக்குப் போறதுன்னு கடலை நம்பியே வாழ்ந்த சனங்க.

இவ்வளவு கடலோடிகள் இருந்தும் ஒழுங்கான இயற்கைத் துறைமுகம் இல்லாததுக்குக் காரணம் பூகோளம். இந்தத் தீவுகள் கடலுக்கடியில் இருக்கும் மலைத்தொடரின் உச்சிகள். பக்கத்துல இருக்கிற கேமன் அகழி 7,600 மீட்டருக்கும் மேல ஆழம். கரையை ஒட்டிக் கொஞ்ச தூரம் பவளப்பாறைத் திட்டு, அதைத் தாண்டினா செங்குத்தா இறங்குற சுவர். அந்தத் திட்டில்தான் கப்பல் நங்கூரம் போடணும். ஜார்ஜ் டவுன் மேற்குக் கரையில இருப்பதால் வழக்கமான கிழக்குக் காத்துக்குத் தீவே மறைப்பாகிடும். குளிர்காலத்தில் வடமேற்குக் காத்து அடிச்சா மட்டும் படகு ஓட்ட முடியாது. அப்போ தெற்குக் கரையில ஸ்பாட்ஸ்னு ஒரு இடத்துல இறக்குவாங்க. அங்கேயும் அலைன்னா கப்பல் ஊரைப் பார்க்காமலே கிளம்பிடும்.

இந்தப் பவளப்பாறைக்கும் கப்பலுக்கும் பகை பழசு. 1794 பிப்ரவரியில் ஜமைக்காவிலிருந்து கிளம்பின ஒரு வணிகக் கப்பல் கூட்டம் ராத்திரியில வழி தப்பி, கிராண்ட் கேமனின் கிழக்கு முனைப் பாறையில மோதுச்சு. காவலுக்கு வந்த போர்க்கப்பல் 'கன்வெர்ட்'டோடு சேர்த்துப் பத்துக் கப்பல் காலி. ஊர் சனங்க உதவிக்கு ஓடினாங்க. அதுக்கு நன்றியாத்தான் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வரியே வேண்டாம்னு சொல்லிட்டார்னு ஊர்க்கதை. ஆவணம் எதுவும் கிடையாது, ஆனா கதை ஜோரா இருக்கு :-)

அன்னிக்குப் பாறை கப்பலை உடைச்சுது. சொகுசுக் கப்பல் வந்த பிறகு கணக்கு தலைகீழ். 1996-ல் 'மாஸ்டாம்' என்ற கப்பல் ஒதுக்கின இடத்தைத் தாண்டி நங்கூரம் போட்டு, பவளப்பாறையை நொறுக்கிடுச்சு. பவளம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர், மிஞ்சிப்போனா சில சென்டிமீட்டர்தான் வளரும். தன்னார்வ நீச்சல்காரங்க கீழே இறங்கி, உடைஞ்ச துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைக்க வேண்டியதாச்சு.

இதுக்கு நடுவுல பக்கத்து ஊர்கள் ஓடிக்கிட்டிருந்தன. 2009-ல் 'ஓயசிஸ் ஆஃப் தி சீஸ்' வந்தது. 360 மீட்டர் நீளம், அஞ்சாயிரத்துக்கும் மேல பயணிகள். அவ்வளவு பேரைப் படகுல ஏத்தி இறக்கினா பாதிப் பகல் அதிலேயே போயிடும். அதனால ஜமைக்கா ஃபால்மத் என்ற பழைய சர்க்கரைத் துறைமுகத்தைத் தோண்டி, 2011-ல் ஜெட்டி திறந்தது. ராட்சசக் கப்பல் அங்கே போகுது, ஜார்ஜ் டவுனுக்கு வர்றதில்லை. 2018-ல் மட்டும் கேமனுக்குச் சுமார் 19 லட்சம் கப்பல் பயணிகள். ஊர் ஜனத்தொகை ஒரு லட்சம்கூடக் கிடையாது. இந்த வருமானம் நழுவிடுமோன்னு டாக்சிக்காரர், கடைக்காரர், திருக்கை மீன் காட்டக் கூட்டிட்டுப் போற படகுக்காரர் எல்லாருக்கும் பயம். அந்தப் பயத்தைத் தப்புன்னு சொல்ல முடியாது. மாசச் சம்பளம் வாங்குறவன் பவளத்தைப் பத்திப் பேசுறது சுலபம். கப்பல் வந்தால்தான் சோறுன்னு இருக்கிறவனுக்கு அது வேற கணக்கு.

அரசாங்கம் ஜெட்டி கட்டுறதுன்னு முடிவெடுத்தது. 2015-ல் வந்த சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை, சுமார் 15 ஏக்கர் பவளப்பாறை நேரடியா அழியும், இன்னும் 15 முதல் 20 ஏக்கர் சேதமாகலாம்னு சொன்னது. தோண்டுற மண் கலங்கிப் பரவினா தெளிஞ்ச தண்ணியும் போச்சு. 1957-லேயே பொழுதுபோக்கு நீர்மூழ்கலுக்குக் கடை திறந்த ஊர் அது. அடியில 1932 புயலில் மூழ்கின 'பல்போவா' கப்பலின் மிச்சமும் கிடக்கு.

2019-ல் இன்னொரு டெண்டர் வந்தது, நமக்குத் தெரிஞ்ச டெண்டர்! கார்னிவல், ராயல் கரீபியன் என்ற ரெண்டு பெரிய கப்பல் கம்பெனிகளும் கட்டுமான நிறுவனங்களும் சேர்ந்த கூட்டணி தேர்வாச்சு. காசு அவங்க போடுவாங்க, 25 வருஷம் பயணிகள் கட்டணத்திலிருந்து எடுத்துக்குவாங்க. கப்பலும் அவன்தே, ஜெட்டிக்குக் கடன் கொடுத்தவனும் அவன்தான். நாளைக்குப் பேரம் பேசுறப்போ ஊர்க்காரன் கை எங்கே இருக்கும்?

ஊர் சும்மா இருக்கலை. கேமன் அரசியலமைப்பில் ஒரு பிரிவு இருக்கு. வாக்காளர்களில் கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டால் பொதுவாக்கெடுப்பு நடத்தியே ஆகணும். சாதாரண சனங்க வீடு வீடாப் போய் அய்யாயிரத்துக்கும் மேல கையெழுத்து சேர்த்துட்டாங்க. அரசு தேதி குறிச்சது: 2019 டிசம்பர் 19, கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்னாடி. அதோட ஒரு சிக்கல். விழுந்த ஓட்டில் பாதி போதாது, பட்டியலில் இருக்கிற வாக்காளர்களிலேயே பாதிக்கு மேல எதிர்த்தால்தான் அரசைக் கட்டுப்படுத்தும். அதாவது வீட்டுல தூங்குறவன் ஓட்டும் ஜெட்டி கணக்குலதான்.

விஷயம் கோர்ட்டுக்குப் போய், வாக்கெடுப்பு தள்ளிப்போச்சு. அந்த வாக்கெடுப்புக்காகவே போட்ட சட்டம் அரசியலமைப்புக்கு ஒத்துவரலைன்னு 2020 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பு. மேல்முறையீட்டில் அது மாறிச்சு. அதுக்குள்ள கொரோனா வந்து மொத்தக் கடலையும் காலி பண்ணிடுச்சு. 2020-லேயே அரசு திட்டத்தைக் கைவிட்டது. 2022 மார்ச் வரைக்கும் கப்பலே வரலை.

வந்த பிறகும் கூட்டம் பழைய அளவுக்குத் திரும்பலை, கேள்வி மறுபடி எழுந்தது. கடைசியா 2025 ஏப்ரல் 30, பொதுத்தேர்தலோடு சேர்த்து மூணு கேள்விகளை மக்கள்கிட்டயே கேட்டாங்க. லாட்டரி வேணுமா, கொஞ்சமா கஞ்சா வெச்சிருந்தா குற்றமா, கப்பலுக்கு ஜெட்டி கட்டலாமா? முதல் ரெண்டுலயும் தளர்வு பக்கமே ஓட்டு சாஞ்சது. ஜெட்டிக்கு மட்டும் அறுபது சதவீதத்துக்கும் மேல "வேண்டாம்"!

இதைச் சுற்றுச்சூழல் வெற்றின்னு மட்டும் பார்க்கிறது எனக்குச் சரியாப் படலை. எத்தனை பேர் வந்தால் நம்ம ஊர் தாங்கும்ங்கிறதை யார் முடிவு பண்றது, கப்பல் கம்பெனியா, அரசா, ஊர்க்காரனா? அதுதான் உள்ளே ஓடின கேள்வி. டாக்சிக்காரர் கவலைக்கு இன்னும் பதில் கிடைக்கலை. வர்ற கூட்டம் குறைஞ்சா அவர்தான் முதல்ல அடிவாங்குவார். "வேண்டாம்"னு ஓட்டுப் போட்டவங்க அவருக்கு ஒரு வழி கடன்பட்டிருக்காங்க.

இப்போதைக்கு ரெண்டு டெண்டர்ல ஜெயிச்சது படகுதான். உங்க ஊர்ல இப்படி ஒரு திட்டம் வந்தா, கால்வாசிப் பேர் கையெழுத்துப் போடுவாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க மக்களே.