தக்காளி நோய்த்தடுப்பு (தென்காசி, குற்றால வட்டார வீட்டுத்தோட்டங்கள்)

தென்காசி, குற்றாலம் பகுதி வீட்டுத்தோட்டத் தக்காளிக்கு மருந்தைவிட முதன்மையான காப்பு, இலையின் ஈரம் விரைந்து உலர வழிசெய்வதே. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரலில் இலைகள் மணிக்கணக்கில் நனைந்து கிடக்கின்றன. இலைக்கருகலை உண்டாக்கும் ஆல்டர்நேரியா பூஞ்சை முளைக்க அந்த ஈரம் போதும். நோய் முதலில் அடியிலையில்தான் தெரியும்: பழுப்புப் புள்ளி, அதற்குள் வளையம் வளையமாகக் கோடுகள், சுற்றிலும் மஞ்சள். பழைய சருகில் தங்கிய வித்துகள் மழைத்துளியோடு தெறித்து மேலேறுவதே இதற்குக் காரணம். சாரல் விடாமல் பெய்கையில் இலையை எப்படி உலர்த்துவது என்று கேட்கலாம். மழையைத் தடுக்க முடியாதுதான். ஆனால் குச்சி நட்டுக் கட்டி, செடிக்குச் செடி இரண்டடி விட்டு, ஒரு சாண் உயரம்வரை அடியிலைகளைக் கிள்ளி, வைக்கோல் மூடாக்கு இட்டால், தெறிப்பும் குறையும், மழை விட்டதும் காற்றே இலையை உலர்த்திவிடும்.

வெயில் மாதங்களில் பகை வேறு. இலைச்சுருட்டை வைரஸை வெள்ளை ஈ பரப்புகிறது. வேப்பெண்ணெய் தெளித்தால் போதும் என்பார்கள். அது ஈயைக் குறைக்கும், தொற்றிய செடியைக் குணப்படுத்தாது. நாற்றுப் பருவத்திலேயே நைலான் வலையால் மூடுவதுதான் உண்மையான தடுப்பு. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் வீரிய ரகம் இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். எனினும் காய்த்துளைப்பானுக்கு அது விலக்கல்ல; அதற்குச் செண்டுமல்லியை ஓரத்தில் நட்டு, புழு விழுந்த காய்களை உடனே பறித்து அழிக்க வேண்டும். நோய் தொடரக்கூடும் என்பதால், கத்தரி, மிளகாய் இருந்த மண்ணில் அடுத்ததாகத் தக்காளி நடாதீர்கள்.